கட்டார் மெடிக்கல்ல ‘ஹெப்படைட்டிஸ் பி’ன்னு அன்ஃபிட். நான் அஞ்சு மாசம். என்ன செய்யணும்?

கொட்டாஞ்சேனை மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க வாடகை வீடு, ஸ்கூல் அட்மிஷன் பத்தி எழுதறதத்தான் வழக்கமா வாசிப்பேன். நான் எழுதறது இதான் முதல் தடவை. வெட்கமாத்தான் இருக்கு, ஆனா நேர்ல கேக்கிறதுக்கு ஆள் இல்ல.

எங்க வீட்டுக்காரருக்கு 34 வயசு. செட்டியார் தெருவுல ஒரு நகைப் பட்டறையில பதினாலு வருஷமா வேலை. தங்கம் விலை இப்படி ஏறினதுக்குப் பிறகு ஆர்டர் இல்ல, கிழமைக்கு மூணு நாள் வேலை இருந்தாலே பெரிய விஷயம். அதனாலதான் கட்டாருக்குப் போகலாம்னு முடிவெடுத்தோம். என்னோட ரெண்டு காப்பையும் அடகு வச்சு சப் ஏஜென்ட்டுக்கு முற்பணமும் குடுத்தாச்சு.

போன செவ்வாய்க்கிழமை மெடிக்கல். எக்ஸ்ரே, மூத்திரம், இரத்தம் எல்லாம் எடுத்தாங்க. வியாழக்கிழமை போனா, கௌண்டர்ல இருந்த பிள்ளை கடுதாசியக் கையில குடுத்து ‘அன்ஃபிட்’னு மட்டும் சொல்லிச்சாம். ஏன்னு கேட்டதுக்கு ஒரு வரியில விரல வச்சிருக்கு: எச்.பி.எஸ்.ஏ.ஜி., பக்கத்துல ‘ரியாக்டிவ்’. அதுக்குள்ள அடுத்த டோக்கன கூப்பிட்டுட்டாங்க. இவர் வீட்டுக்கு வந்து அந்தக் கடுதாசிய கலண்டருக்குப் பின்னால செருகிட்டு, ‘கொஞ்ச நாள் பிந்தும்’னார். ராத்திரி நான் எடுத்துப் பாத்து, ஃபோன்ல தேடித்தான் அது ஹெப்படைட்டிஸ் பின்னு கண்டுபிடிச்சேன்.

இவருக்கு ஒரு வருத்தமும் இல்ல. கண்ணு மஞ்சளா இல்ல. நல்லா சாப்பிடுறார், தூங்குறார்.

மாமிக்கு நாங்க சொல்லல. சப் ஏஜென்ட் ஃபோன் பண்ணி ‘ஈரல் வருத்தம், ஒட்டும்’னு சொல்லிட்டார். அன்னையில இருந்து இவருக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை. மாறிடக் கூடாதுன்னு கோப்பையோட அடியில என் சிவப்புக் கியூடெக்ஸால ஒரு பொட்டு வச்சிருக்காங்க. இவர் ஒண்ணும் பேசல. பிளேன்டீ குடிச்சிட்டு அவரே கழுவி ஜன்னல்ல கவிழ்த்து வைக்கிறார். கவிழ்த்து வச்சா அந்தப் பொட்டுத்தான் மேல தெரியுது.

மாமியையும் குறை சொல்ல ஏலாது. சில வருஷத்துக்கு முந்தி எங்க தோட்டத்துல மூணு வீட்டுப் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை வந்துச்சு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ. ஐயா வந்து, தண்ணிய கொதிக்க வைங்க, நோயாளியோட தட்டு கோப்பைய வேறயா வைங்கன்னு சொல்லிட்டுப் போனார். அதத்தான் அவங்க இப்பவும் செய்றாங்க.

நான் கேக்கிறது இதுதான். பிள்ளைக்கு வருமா? நான் வேற அறையில படுக்கணுமா? எங்களுக்கு இருக்கிறதே ஒரு அறை. பட்டறையில நாலு பேரும் ஒரே ஊதுகுழல வாயில வச்சு ஊதுறாங்க, அவங்களுக்குச் சொல்லணுமா? சப் ஏஜென்ட் சொல்றார், நாப்பது நாள் கீழ்க்காய்நெல்லி குடிச்சிட்டு வேற சென்டர்ல எடுத்தா ஃபிட் ஆயிடுமாம். உண்மையா?

இன்னொண்ணு. நெட்ல போட்டிருக்கு இது பொம்பளைகிட்ட போறதால வரும்னு. கல்யாணம் முடிச்சு மூணு வருஷம். இவரைக் கேக்க எனக்கு வாய் வரல. கேக்காம இருக்கவும் முடியல.

ஜம்பட்டா ராஜா:

சிஸ்டர் பயப்படாதீங்க. எங்க மாமாவுக்கு இதே காமாலைதான், கண்ணெல்லாம் மஞ்சள். கீழ்க்காய்நெல்லிய அரைச்சு மோர்ல கலந்து காலையில வெறும் வயித்துல குடுத்தோம். ரெண்டு கிழமையில சுகம். எண்ணெய், இறைச்சி மட்டும் நிப்பாட்டுங்க. மெடிக்கல் வேற இடத்துல பாக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் போயிருக்காங்க.

பாமன்கடையான்:

தம்பி ராஜா, உங்கட மாமாவுக்கு வந்தது ஹெப்படைட்டிஸ் ஏ ஆக இருக்கும். அது கீழ்க்காய்நெல்லி குடிச்சாலும் சுகம் வரும், குடிக்காட்டியும் சுகம் வரும். நல்ல பேர் மட்டும் நெல்லிக்கு.

தங்கச்சி, எனக்கும் பி இருக்கு. தெரிஞ்சு பதினொரு வருசம். 2014 இல கந்தோரில வைச்ச இரத்ததான முகாமில குடுத்தனான். நாரஹேன்பிட்டி இரத்த வங்கியில ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., பி, சி, சிபிலிஸ், மலேரியா எண்டு அஞ்சுக்கும் பாக்கிறவை. கொஞ்ச நாளால நேரில வரச் சொல்லி ஒரு கடிதம். நான் நினைச்சன், என்ர இரத்தம் ஏதோ அருமையான குறூப்பாக்கும், பாராட்டத்தான் கூப்பிடுகினம் எண்டு. நல்ல சேட்டும் போட்டுக்கொண்டு போனனான்.

உங்கட மாமி மாதிரித்தான் நானும் குழம்பினன். 2009 இல நாங்கள் வவுனியா மெனிக் பாம் அகதி முகாமில இருக்கேக்க செங்கமாரி, அதுதான் மஞ்சள் காமாலை, பரவினது. கூடாரத்துக்குக் கூடாரம் கண் மஞ்சள். குடிக்கிற தண்ணியும் கக்கூசும் கிட்டக்கிட்ட, வேற என்ன நடக்கும்? எனக்கும் வந்தது, மூண்டு கிழமை சோறு மணந்தாலே சத்தி. அந்தச் செங்கமாரிதான் உள்ளுக்கு ஒளிச்சிருந்து பின்னால பி ஆயிட்டுது எண்டு டொக்டருக்குச் சொன்னன். அவர் பேப்பரில ரெண்டு வட்டம் கீறினார். ஒண்டில ஏயும் ஈயும்: வாயால போறது, தண்ணி சாப்பாட்டால வாறது. மற்றதில பி, சி, டி: இரத்தத்தால வாறது. பேர் ஒண்டு, தாக்கிற இடமும் ஈரல் ஒண்டுதான். ஆனா கிருமிகள் ஒண்டுக்கொண்டு சொந்தக்காரரும் இல்லை. ஒண்டு மற்றதா மாறாது. ஏ வந்தால் போயிடும், திரும்பி வராது. பி சத்தமில்லாம இருக்கும். உங்கட அவருக்குக் கண் மஞ்சளாகாதது அதாலதான்.

அதால கோப்பைப் பொட்டை இண்டைக்கே அழியுங்கோ. பி ஒரே தட்டில சாப்பிட்டால் வராது, கட்டிப் பிடிச்சால் வராது, பிள்ளையைக் கொஞ்சினால் வராது. நீங்கள் வேற அறையில படுக்கவும் தேவையில்லை. பிரிக்க வேண்டியது வேற சாமான்: சவர அலகு, பல்லுத்தூரிகை, நகம் வெட்டி. இந்தக் கிருமி வெளியில காஞ்ச இரத்தத்திலயும் ஒரு கிழமைக்கு உயிரோட இருக்கும். என்ர அலகை நான் கோல்கேட் டப்பாவுக்குள்ள போட்டு அலுமாரிக்கு மேல வைக்கிறனான். என்ர மகன் அதுக்கு ‘அப்பாட தங்கம்’ எண்டு பேர் வைச்சிருக்கிறான்.

இனி என்ர முட்டாள்தனத்தையும் சொல்லுறன், அவர் செய்யக் கூடாது எண்டதுக்காக. எனக்கு டெனோஃபோவிர் தொடங்கினவை, ஒரு நாளைக்கு ஒரு குளிசை. மூண்டாம் வருசம் வைரல் லோட், அதாவது இரத்தத்தில கிருமி எவ்வளவு எண்டு பாக்கிற ரிப்போட்டில ‘காணப்படவில்லை’ எண்டு வந்தது. எனக்குச் சுகம் எண்டு நானே தீர்மானிச்சு, ஒருத்தருக்கும் சொல்லாமல் குளிசையை நிப்பாட்டினன். நாலு மாதத்தில ஒரு சனிக்கிழமை காலிமுகத்திடலில நடக்கேக்க கால் ரெண்டும் ஈயம் மாதிரி. மூத்திரம் கொக்கோ கோலா நிறம். ஈரல் காயத்தைக் காட்டுற எஸ்.ஜி.பி.டி. 40 இக்குள்ள இருக்க வேண்டியது 900 ஐத் தாண்டியிருந்தது. ஒன்பது நாள் வார்ட்டில. அந்தக் குளிசை கிருமியைக் கொல்லுறதில்லை, கழுத்தில பிடிச்சு வைச்சிருக்குது. கையை எடுத்தால் எழும்பும். இப்ப இரவு ஒன்பது மணிச் செய்தி தொடங்கேக்க போடுறனான், ஒரு நாளும் தவறினதில்லை.

எல்லாருக்கும் உடனே குளிசை தேவைப்படாது, அது டொக்டர்தான் சொல்ல வேணும். செலவை நினைச்சுப் பயப்படாதேங்கோ. இந்தக் குளிசையின்ர ஜெனரிக் உலகச் சந்தையில ஒரு மாதத்துக்கு ரெண்டரை டொலர் கூட வராது. மலிவான மருந்து இருந்தும், 2022 கணக்குப்படி உலகத்தில பி இருக்கிற 25 கோடியே 40 இலட்சம் பேரில நூற்றுக்கு 13 பேருக்குத்தான் தங்களுக்கு இருக்கெண்டே தெரியும். மருந்து எடுக்கிறது நூற்றுக்கு மூண்டு பேர். மிச்சம் பேர் எங்களை மாதிரி நல்லாச் சாப்பிட்டு நித்திரை கொண்டுகொண்டு திரியினம். கட்டார் மெடிக்கல் உங்கட அவருக்கு ஒரு கெட்டது செய்தது, ஒரு நல்லதும் செய்தது.

சப் ஏஜென்ட்டின்ர கதையை விடுங்கோ. நாப்பது நாளில்லை, நாலு வருசம் நெல்லி குடிச்சாலும் அந்த ரெஸ்ற் ரியாக்டிவ்தான். பொய்யா ஒரு கடுதாசி எடுத்துப் போனாலும் அங்க இறங்கினவுடன திரும்ப இரத்தம் எடுப்பினம். அதோட திருப்பி அனுப்பினால் காப்பும் போய் ரிக்கற் காசும் போகும். முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கோ, எழுத்தில கேளுங்கோ.

கடைசிக் கேள்விக்கு நான் பதில் எழுதேல்லை. மிஸ் ஒராள் இந்தப் பக்கம் வாறவ, அவ சொல்லுவா.

ஓய்வுபெற்ற மிஸ்:

கூப்பிட்டது கேட்டது. 31 வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தேன், அதில் பாதி பிரசவ அறையில். அதனால் பிள்ளையிலிருந்தே தொடங்குகிறேன்.

மகள், இப்போது பிள்ளைக்கு வருமா என்பது உங்கள் கணவரின் இரத்தத்தில் இல்லை, உங்கள் இரத்தத்தில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு நேராகப் போகாது. உங்களுக்குத் தொற்றியிருந்தால் மட்டும், பிரசவ நேரத்தில் உங்களிடமிருந்து பிள்ளைக்குப் போகலாம். ஆகவே அவருடைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அழாமல், திங்கட்கிழமை கிளினிக்குக்குக் கர்ப்பிணி அட்டையோடு அந்தக் கடதாசியையும் கொண்டுபோங்கள். ஒளிக்க வேண்டாம். உங்களுக்கு மூன்று பரிசோதனை எழுதச் சொல்லுங்கள்: எச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி எச்.பி.எஸ்., ஆன்டி எச்.பி.சி. முதலாவது கிருமி இப்போது இருக்கிறதா என்று சொல்லும். இரண்டாவது பாதுகாப்பு இருக்கிறதா என்று. மூன்றாவது எப்போதாவது வந்து போனதா என்று. மூன்றும் இல்லையென்றால் ஊசி போடலாம். இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. கர்ப்பத்தில் போடலாம், பயமில்லை. மூன்றும் முடிந்து பாதுகாப்பு வந்துவிட்டது என்று இரத்தத்தில் பார்க்கும்வரை நீங்கள் இருவரும் ஆணுறை பாவியுங்கள்.

ஒருவேளை உங்களுக்கு இருந்தாலும் பிள்ளையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் பிள்ளைக்கு ஒரு தொடையில் தடுப்பூசி, மற்றத் தொடையில் இம்யூனோகுளோபியூலின், அதாவது ஆயத்தமான எதிர்ப்புச் சக்தி. வைரல் லோட் கூடுதலாக இருந்தால் கடைசி மூன்று மாதம் தாய்க்குக் குளிசையும் கொடுப்பார்கள். முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அதுதான் விஷயம். நடு ராத்திரி வலியோடு வந்து, பிள்ளை பிறந்து இரண்டு நாள் கழித்து ‘மிஸ், எனக்கு இப்படி ஒரு வருத்தம் இருக்கு’ என்று சொன்ன ஒரு தாயை நான் இன்னும் மறக்கவில்லை. அவளைக் கோபிக்கவும் முடியவில்லை. மாமியார் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், அவர் வீட்டுக்குப் போகும்வரை வாய் திறக்கவில்லை அந்தப் பிள்ளை.

இந்தக் கிருமியின் மேலுறைப் புரதத்தை, அதாவது எச்.பி.எஸ்.ஏ.ஜி.யை, முதலில் கண்டது 1960களில், ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் இரத்தத்தில். கண்டுபிடித்த புளூம்பெர்க்குக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த டொக்டர்கள் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன் பார்’ என்றுதான் எழுதுவார்கள். நான் ஏதோ ஆஸ்திரேலியா போகிறவர்களுக்குச் செய்யும் மெடிக்கல் என்று நினைத்திருந்தேன்.

இப்போது உங்கள் வாயில் வராத கேள்வி. பெரிய ஆளான பிறகு பி தொற்றினால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் உடம்பே ஆறு மாதத்துக்குள் அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றினால் தலைகீழ், நூற்றுக்கு 90 பிள்ளைகளின் உடம்பில் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பச்சைப் பிள்ளையின் உடம்புக்கு அது எதிரி என்றே தெரியாது, எதிர்க்காது. எதிர்க்காததால் காமாலையும் வராது. முப்பது, நாற்பது வருடம் ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. இலங்கையில் பிள்ளைகளுக்கு பி தடுப்பூசி தொடங்கியது 2003இல். 2008இல் அது ஐந்து நோய்க்கான ஒரே ஊசிக்குள் வந்தது, இரண்டு, நான்கு, ஆறு மாதத்தில் போடுகிறோமே, அந்த பென்டாவேலன்ட். உங்கள் கணவர் அதற்கெல்லாம் முன் பிறந்தவர். அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு கடதாசியை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வருத்தமே இல்லாமல், காமாலை வந்த ஞாபகமே இல்லாமல், 34 வயதில் தற்செயலாகப் பிடிபட்ட ஒருவரைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது ‘அம்மாவுக்குப் பார்த்தீர்களா?’ என்பதைத்தான். கூடப்பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும். வேறு பெண்ணைப் பற்றிய கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குச் செய்ய வேண்டியது: ஈரல் கிளினிக் ஒன்றுக்குத் துண்டு வாங்குவது. ஈ ஆன்டிஜன் (பி கிருமி வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டுவது, ஈ காமாலை அல்ல), வைரல் லோட், எஸ்.ஜி.பி.டி., வயிற்று ஸ்கேன். ஆறு மாதம் கழித்தும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. இருந்தால்தான் நாட்பட்டது என்று முடிவு செய்வார்கள். சாராயம் வேண்டாம், சனிக்கிழமைச் சாராயமும் வேண்டாம். ஊதுகுழல் எச்சிலால் பரவுவதை நான் கண்டதில்லை. ஆனால் முரசிலிருந்து இரத்தம் வரும் வாய்கள் நான்கு இருக்கும் இடம், அவர் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. அரத்தில் கை கிழிந்தால் கட்டுப் போடட்டும், மேசையில் பட்ட இரத்தத்தைக் குளோரின் தண்ணீரால் துடைக்கட்டும்.

தண்ணீரைக் கொதிக்க வைப்பதை மட்டும் மாமி நிறுத்த வேண்டாம். அது கணவருக்காக அல்ல, உங்களுக்காக. ஏ, ஈ இரண்டும் அந்த வழியில்தான் வரும், அதில் ஈ கர்ப்பிணிகளுக்குப் பொல்லாதது. கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நான்கில், ஐந்தில் ஒரு தாய் போய்விடக்கூடும். 1955, 56இல் டெல்லியில் குடிநீரில் கழிவு கலந்து 29,000 பேருக்கு மேல் காமாலை வந்ததே, அது ஈ என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஆக, மாமி செய்வதில் பாதி சரி.

மாளிகாவத்தை மகள்:

அஸ்ஸலாமு அலைக்கும். மிஸ் சொன்ன ‘முப்பது, நாப்பது வருஷம் ஒண்ணும் தெரியாது’ன்றதுதான் எங்கட வாப்பாட கதை. அம்பத்திநாலு வயசு. சிகரெட் இல்ல, குடி எங்கட வீட்டுக்குள்ளயே இல்ல. நோம்பு பதினெட்டு அன்னைக்கு இஃப்தாருக்குக் கஞ்சி ரெண்டு கரண்டி குடிச்சிட்டு வயிறு நெறஞ்சிட்டுன்னாங்க. கேஸ்னு நெனச்சோம். பெருநாள் சாரத்தக் கட்ட ஏலல, வயிறு அவ்வளவு ஊதிட்டு. ஸ்கேன்ல ஈரல்ல கட்டி, ஆரஞ்சு அளவு. அப்பத்தான் பி இருக்குன்னே கண்டுபிடிச்சாங்க. ஹஜ் மாசத்துக்கு முந்தி மௌத்.

அதுக்குப் பிறகு எங்க நாலு பேருக்கும் பாத்தோம். எங்கட நானாக்கு, மூத்த அண்ணனுக்கு, இருந்திச்சு. இப்ப ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன், அதோட ஈரல்ல கட்டி வருதான்னு பாக்க ஏ.எஃப்.பி.ன்னு ஒரு இரத்தப் பரிசோதனை. ஈரல் சுருங்காமலே கட்டி வரலாமாம் பில. அதனால டொக்டர் சரின்னு சொன்னாலும் ஸ்கேன விடாதீங்க தங்கச்சி. நானா போக மாட்டேன்னு ஒவ்வொரு முறையும் சண்டை. மச்சிதான் வாப்பாட அந்தப் பெருநாள் சாரத்த எடுத்து கதிரையில போட்டு வைப்பா. எழும்பிப் போயிடுவார்.

ஜம்பட்டா ராஜா:

சாரி சிஸ்டர். எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன். நானும் 98ல பொறந்தவன், ஊசி போட்டிருக்க மாட்டாங்க போல. எங்க பாக்கலாம்?

ஓய்வுபெற்ற மிஸ்:

ராஜா, எந்த லேபிலும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று கேட்டால் எடுப்பார்கள். இல்லையென்று வந்தால் ஊசி மூன்றையும் போட்டுவிடுங்கள். 1984இல் தைவான் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அங்கே பிள்ளைகளுக்கு வரும் ஈரல் புற்றுநோய் பாதியாகக் குறைந்தது. நாங்கள் எல்லாருக்கும் கொடுக்கத் தொடங்க 2003 ஆகிவிட்டது. இடையில் பிறந்த உங்களைப் போன்றவர்கள்தான் கொழும்பில் வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள்.

கொட்டாஞ்சேனை மருமகள்:

ஒரு மாசத்துக்குப் பிறகு வாறேன். பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொண்ணா சொல்றேன்.

எனக்கு மூணு பரிசோதனையும் இல்லைன்னு வந்துச்சு. கிளினிக்ல மிட்வைஃப் மிஸ் அட்டையில சிவப்புப் பேனையால எழுதிட்டாங்க. முதல் ஊசி போட்டாச்சு, கையில ஒரு நாள் வலி, அவ்வளவுதான்.

இவரைக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறதுதான் பாடு. ‘கட்டாரே இல்லன்னு ஆச்சு, இனி எதுக்கு ரிப்போட்?’னார். பாமன்கடை அண்ணா எழுதினத வாசிச்சுக் காட்டினேன். நல்ல சேட்டுப் போட்டுட்டுப் போன இடத்துல சிரிச்சார், கோலா நிறத்துல நிப்பாட்டிட்டார். அடுத்த நாளே வந்தார். காலையில ஆறு மணிக்கே வரிசை. ஈ ஆன்டிஜன் இல்ல, எஸ்.ஜி.பி.டி. 31, வைரல் லோட் ஆயிரத்துக்குக் கீழ, ஸ்கேன்ல கொஞ்சம் கொழுப்பு. இப்ப குளிசை வேணாம், ஆறு மாசத்துல திரும்பப் பாப்போம்னார் டொக்டர். ஊதுகுழல் புதுசு வாங்கிட்டார். பட்டறையில கேட்டதுக்குப் ‘பல்லு வலி’ன்னு சொன்னாராம்.

டொக்டரும் மிஸ் கேட்டதையேதான் கேட்டார், அம்மாவுக்குப் பாத்தீங்களான்னு. மாமி வரமாட்டேன்னு நின்னாங்க. ‘எனக்கு ஒரு வருத்தமும் இல்லியே, நான் எதுக்கு ஊசி குத்திக்கணும்?’ சீனி பாக்கிறதுக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனோம். பொய்தான், மன்னிச்சுக்கோங்க.

மாமிக்கு ரியாக்டிவ்.

நான் சந்தோஷப்படல, சத்தியமா. ஆனா அந்த ரிப்போட்டப் பாத்த நிமிஷம் நெஞ்சுல இருந்த கல்லு ஒண்ணு எறங்கிச்சு. இவர்கிட்ட நான் கேக்காம இருந்த கேள்விய இனி கேக்கவே போறதில்ல. அத நெனச்சு வெட்கமாவும் இருந்துச்சு, 61 வயசு மனுஷி ஒருத்தங்களுக்கு வருத்தம் வந்ததுல எனக்கு நிம்மதியான்னு.

இவருக்கு அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம்னு நாங்க ஒரு வார்த்த சொல்லல. அவங்களே புரிஞ்சுகிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி சோறு போட்டப்ப, இவருக்குன்னு வச்ச தட்டையும் அந்தக் கோப்பையையும் எடுத்துகிட்டுப் போய் பின்வாசல் படியில உக்காந்து சாப்பிட்டாங்க. ‘இனி இது எனக்கு’ன்னாங்க. இவர் தன்னோட தட்ட எடுத்துட்டுப் போய் பக்கத்துல உக்காந்து, மாமியோட தட்டுல இருந்து ஒரு துண்டு கருவாட்டை எடுத்துத் தின்னார். யாரும் பேசல. கியூடெக்ஸ ரிமூவர் போட்டு நான்தான் தேய்ச்சேன். பீங்கான்ல கொஞ்சம் ரோஸ் நிறமா நிக்குது, முழுசா போகல.

இப்ப ரெண்டு கேள்வி. ஹட்டன்ல இவரோட அக்கா இருக்காங்க, 37 வயசு, ரெண்டு பிள்ளைகள். எப்படிச் சொல்றது? அப்புறம், அஞ்சாம் மாசக் கடைசியிலதான் முதல் ஊசி போட்டேன். மூணாவது ஊசி பிள்ளை பிறந்த பிறகுதான் வரும், பால் குடுக்கிற நேரத்துல போடலாமா?

பாமன்கடையான்:

அக்காவுக்கு ஃபோனில சொல்லாதேங்கோ, சப் ஏஜென்ட் செய்த வேலை அது. ஒரு போயா லீவுக்கு உங்கட அவரை ஹட்டனுக்கு ரயிலில அனுப்புங்கோ, அவரே தன்ர வாயால ‘எனக்கு இருக்கு, நான் நல்லா இருக்கிறன், நீயும் பார்’ எண்டு சொல்லட்டும். பிள்ளைகள் 2003 இக்குப் பிறகு பிறந்ததெண்டால் ஊசி போட்டிருப்பினம், ஆனாலும் அக்காவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் பாக்க வேணும். ரெண்டு மாதத்தில தொடங்குற ஊசி, பிறக்கேக்க தாயிட்ட இருந்து தொத்தினதைத் தடுக்காது, அதுக்குப் பிறந்தவுடன போட வேணும்.

காப்பு என்னாச்சு?

ஓய்வுபெற்ற மிஸ்:

பால் கொடுக்கும்போது தாராளமாகப் போடலாம். உங்கள் முதல் ஊசித் திகதியை வைத்து விரலில் எண்ணிப் பார்த்தேன். சொன்ன நாளில் பிரசவமானால் உங்கள் மூன்றாவது ஊசி வரும் கிழமையில் பிள்ளைக்கு இரண்டு மாதம் முடியும், அதன் முதல் பென்டாவேலன்ட்டும் அப்போதுதான். ஒரே த்ரீவீலில் போய் வாருங்கள். வீட்டில் இரண்டு பேருக்கு இருப்பதால், பிறந்த அன்றே பிள்ளைக்கு ஒரு பி ஊசி போட முடியுமா என்று பிரசவத்துக்கு முன்பே டொக்டரைக் கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள்.

மாமிக்கு ஸ்கேன் எடுத்தாயிற்றா? வயதில் அவர்தான் அவசரம். கணவரின் தவணை நாளிலேயே அவருக்கும் போடச் சொல்லுங்கள். தனியாக அனுப்பினால் போகமாட்டார்.

கொட்டாஞ்சேனை மருமகள்:

ஸ்கேனுக்கு வாற புதன்கிழமை திகதி குடுத்திருக்காங்க. வெறும் வயித்துல வரணும்னு சொன்னதுக்கு, பிளேன்டீயாவது குடிக்கலாமான்னு மூணு தடவை கேட்டுட்டாங்க மாமி. அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மிஸ்.

காப்பு இன்னும் அடகுலதான் அண்ணா. முற்பணத்துல பாதி தாறேன்னிருக்கார்.

ஓய்வுபெற்ற மிஸ்:

வேண்டாம். தண்ணீர் மட்டும். ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுபோங்கள், ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் கொடுங்கள்.